வெயிலில் வைத்த யூகுலேலே

ருக்குமணிக்குப் பொய் சொல்ல வராது என்று அந்த அடுக்குமாடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாயான் லெப்பாஸ் மின்னணுச் சில்லுத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து, இது தேறும், இது தேறாது என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிப் பிரித்தவள். அப்பேர்ப்பட்டவளுக்கு, குட்டி கிட்டார் போன்ற ஒரு நீல யூகுலேலேயைப் பார்த்து ‘தேறாது’ என்று சொல்ல வாய் வரவில்லை.

அதை வாங்கி வந்தவர் அவள் கணவர் திருநாவுக்கரசு. அவள் வேலையை விட்டு நின்ற வாரம், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கினார். நீல உடம்பு, மேலே சிவப்புச் செம்பருத்தி.

"கிட்டார் கத்துக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பியே ருக்கு. கிட்டார் பெருசு. இது கைக்கு அடக்கமா இருக்குலா" என்று மடியில் வைத்தார்.

துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். அந்த இரைச்சலில் காது இரண்டும் முக்கால்வாசி போய்விட்டது; எதிரே நின்று முகம் பார்த்துப் பேசினால்தான் பேச்சு விளங்கும். கண்ணுக்கு அழகாக இருந்ததை எடுத்து வந்துவிட்டார், பாவம். வேறு எதை வைத்துப் பார்ப்பார்?

சும்மா சொல்லக்கூடாது, அது பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வாசிக்க எடுத்தால்தான் மானம் போனது. ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடும். கழுத்துக் கட்டங்களில் மூன்றாவது ஃப்ரெட்டில் விரலை அழுத்தினால் தந்தி கொரகொரவென்று இரையும். சனிக்கிழமை மத்தியானம் சமூக மண்டபத்தில் சொல்லிக்கொடுக்கும் ரொஸ்னா தங்கமான பெண். அவளே ஒருநாள் தயங்கித் தயங்கி, "அக்கா, நீங்க கொஞ்சம் பின்னால உக்காந்து மெதுவா வாசிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். ஐம்பத்தாறு வயதில் கடைசி வரிசை!

வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் தினமும் சாயங்காலம் தேநீர் குடித்ததும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யூகுலேலேயின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். காதில் விழாதது கையில் தெரியுமாம். வாசித்து முடித்ததும், "எப்படி, நான் வாங்குனது?" என்பார். "ஃபர்ஸ்ட் கிளாஸ்ங்க" என்பாள் இவள். ஆறு மாதம் அப்படிச் சொன்ன வாய், ஏழாவது மாதம் எப்படி மாற்றிச் சொல்லும்?

"காடி பின்பெட்டில மட்டும் போட்டு வைக்காதீங்க, சூட்டுல பசை விட்டுரும்" என்று ரொஸ்னா வகுப்பில் எல்லாரையும் எச்சரித்திருந்தாள். ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து வந்தபோது, ருக்குமணி அதைக் காரின் பின்பெட்டியில், பழைய குடைக்கு அடியில் தள்ளிவிட்டுப் படியேறினாள். அவர்கள் கார் நிற்பது நிழலே இல்லாத இடம். அன்று சாயங்காலம் விரல் வலி என்றாள். மறுநாளும் விரல் வலி. அவர் தைலத்தை எடுத்து வந்து அவள் விரல் நுனிகளில் ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டார். அப்போதே எழுந்து போய் எடுத்து வந்திருக்க வேண்டும். பாழாய்ப்போன மனசு, எழவிடவில்லை.

புதன்கிழமை அவர் பாலிக் புலா தோட்டத்துக்கு டுரியான் பழம் வாங்கப் போனார். பொறுக்கிய பழக் கூடையை வைக்கப் பின்பெட்டியைத் திறந்தவர், தந்தி கட்டியிருந்த கட்டை பெயர்ந்து தொங்குவதைப் பார்த்துவிட்டார். டுரியானை வாங்காமலே திரும்பி வந்தார்.

"இத எப்ப ருக்கு காடில வச்ச?"

"நேத்துதான்... ரொஸ்னாகிட்ட காட்டலாம்னு."

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, நான்தான் தோட்டத்துல காலைலேர்ந்து வெயில்ல போட்டு வச்சிட்டேன். என்னாலதான் போச்சு."

அதோடு விட்டாரா? எதிர்வீட்டு மீனாட்சியிடம் சொன்னார். ரொஸ்னாவைத் தேடிப் போய் அவளிடமும் மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார். அவர் சொல்லும்போதெல்லாம் ருக்குமணி, ‘சொல்லித் தொலையேன்டி’ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை, "நல்லதா ஒண்ணு வாங்கித் தர்றேன், வா" என்று அவரே ஜார்ஜ் டவுனில் இசைக்கருவிக் கடைக்கு அழைத்துப் போனார். பழையதையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டார், ஒட்ட முடியுமா என்று கேட்க.

கடைக்காரர் ஸுல்கிஃப்லி தமிழ் முஸ்லிம், நிதானமான மனிதர். மூன்று யூகுலேலேக்களை மேசையில் வரிசையாக வைத்தார். "சத்தம் வர்ற துளை ஓரத்துல மரத்தோட ரேகை பாருங்கக்கா. மேல ஓடுற கோடு உள்ளயும் ஓடணும், அப்பதான் முழு மரம், ஒட்டுப் பலகை இல்ல. ஃப்ரெட் ஓரத்த விரலால தடவிப் பாருங்க, குத்தக்கூடாது. ஒவ்வொரு கட்டமா அழுத்தி வாசிச்சுப் பாத்துட்டு எடுங்க." பிறகு பையிலிருந்த பழையதைத் திருப்பிப் பார்த்தார். "இது எப்படி ஆச்சு?"

"என் தப்பு தம்பி. ஒருநாள் வெயில்ல காடிய போட்டுட்டேன்."

"ஒருநாள் வெயிலுக்கு இப்படி ஆகாதே அங்கிள். நாலு நாளாவது உள்ள கெடந்திருக்கணும்" என்றார், குனிந்து அதையே பார்த்தபடி.

"ஆ?" என்று திருநாவுக்கரசு காதருகே கையைக் குவித்தார். அவருக்குக் கேட்கவில்லை.

ஸுல்கிஃப்லி ருக்குமணியைப் பார்த்தார். மறுபடி சொல்லவில்லை. இப்படியே விட்டிருந்தால் போயிருக்கும். ஆனால் திருநாவுக்கரசோ, காதில் விழாததைத் தானே ஊகித்துக்கொண்டு, "பாத்தியா, என் தப்பை இவரும் கண்டுபிடிச்சிட்டாரு" என்று அசடு வழியச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நான்தாங்க வேணும்னே வச்சேன்" என்றாள் மெல்ல.

"ஆ?"

"நான்தான் வச்சேன்."

"என்ன ருக்கு, சத்தமா சொல்லு."

குற்றத்தைக் காதோடு காதாகச் சொல்லும் கொடுப்பினைகூட அவளுக்கு இல்லை. கண்ணில் நீர் முட்ட, கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "நான்தான் அத கெடுத்தேன்! போன சனிக்கிழமைலேர்ந்து காடில போட்டு, வேணும்னே கெடுத்தேன்! எனக்கு அது பிடிக்கல!"

மூலையில் கிட்டாரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சீனப் பெண் நிறுத்திவிட்டாள். திருநாவுக்கரசு மனைவியின் முகத்தையே பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"தினம் கேட்டேனே ருக்கு" என்றார். "நீதான் ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொன்ன. எனக்குக் காது கேக்காது. நீ சொல்றதத்தானே நான் கேட்டேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, வாசி" என்றார் அவர். "வாங்க வந்தோம், வாங்கிட்டுப் போவோம்."

முதலாவதை எடுத்து ஒவ்வொரு கட்டமாக அழுத்தி வாசித்தாள். அவர் அதன் முதுகில் கையை வைத்தார். "எப்படி இருக்கு?"

"மூணாவது ஃப்ரெட்ல இரையுதுங்க. வேணாம்."

ஸுல்கிஃப்லி அதை எடுத்து உள்ளே வைத்தார். இரண்டாவது இவள் கைக்குப் பெரிதாக இருந்தது, விரல் எட்டவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னாள். மூன்றாவது பழுப்பு மகோகனி. பூவும் இல்லை, படமும் இல்லை. வாசித்தாள். நான்கு தந்தியும் சுத்தமாக, ஒன்றோடொன்று சேர்ந்து ஒலித்தன. இத்தனை நாள் தன் விரலில்தான் கோளாறு என்று பாதி நம்பியிருந்தவளுக்கு, அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன.

"இது?" என்றார்.

"இது நல்லா இருக்குங்க. நிஜமா நல்லா இருக்கு."

அவர் கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் மெல்லத் திருப்பி, அவளைத் தாண்டி, மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற ஸுல்கிஃப்லியைப் பார்த்தார்.

"நல்லா இருக்கா, தம்பி?" என்று கேட்டார்.

ஸுல்கிஃப்லி தலையசைத்த பிறகுதான் அவர் பணப்பையை எடுத்தார்.