பேர் கரைந்த ஸ்லைடு

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இது 2002-இல், பெரம்பலூரில் ஒரு லேப்பில், உச்சி வெயிலில் நடந்தது. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது?

அங்கே ஜெகதாம்பாள்தான் டெக்னீஷியன். சளியையும், நுரையீரலிலிருந்து ஊசியில் உறிஞ்சியதையும் கண்ணாடி ஸ்லைடில் தடவி, ஸ்பிரிட்டில் போட்டு, சாயமேற்றித் தருவாள். டாக்டர் வேணுகோபால் மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் புற்றா இல்லையா என்று சொல்வார். ஸ்லைடில் பேரைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் சித்திரையில் ஒருநாள், கூட்டம் நெரித்தபோது, கைக்கு அகப்பட்ட பேனாவால் எழுதித் தொலைத்தாள்.

வெளியே எடுத்தால் இரண்டு ஸ்லைடில் பேர் இல்லை. ஒன்று வாலிகண்டபுரம் செல்லமுத்துவுடையது, மற்றது குரும்பலூர் தங்கராசுவுடையது. எது யாருடையது? டாக்டர் வாயைத் திறந்தால் சாக்கடை. பயந்துபோய்க் குத்துமதிப்பாகப் பேர் போட்டாள். தங்கராசுவுக்குப் புற்று என்றார் டாக்டர். செல்லமுத்துவை ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆடி பிறந்தது. ஒருநாள் மதியம், மறுநாள் காலை தஞ்சாவூரில் தங்கராசுவின் நுரையீரலை அறுத்தெடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். கரண்ட் இல்லை. மாடிப்படியில் இருமல் கேட்டது...

இருமல் ஏறி வந்தது. காலடிச் சத்தம் மட்டும் இல்லை.

வாசலில் செல்லமுத்து. அந்த வெயிலிலும் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

"உடம்பு எப்படிங்க இருக்கு?"

சளி டப்பாவை நீட்டினான். "பாரு."

டப்பா சூடாக இருந்தது.

"பேரு... செல்லமுத்துன்னே போடட்டுங்களா?"

"உன் இஷ்டம். அன்னிக்கும் நீதான போட்ட."

பென்சிலால் எழுதி நிமிர்ந்தாள்...

ஆள் இல்லை.

சாயமேற்றி வைத்தாள். கரண்ட் வந்ததும் டாக்டர் பார்த்தார்.

"கேன்சர்தான். இவனத்தான ஒண்ணுமில்லன்னு அனுப்புனோம்?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "மனுசியா நீ?" என்று கத்தினார். கத்திய கையோடு தஞ்சாவூருக்குப் போன் போட்டு ஆபரேஷனை நிறுத்தினார். தங்கராசு தப்பினான்.

பிறகு அவள் வாலிகண்டபுரத்துக்குப் போன் செய்தாள். செல்லமுத்துவின் மனைவி பச்சையம்மாள் எடுத்தாள்.

"அவரையா கேக்குறீங்க? செத்து கருமாதியே முடிஞ்சிடுச்சு. ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே... நல்லா இருப்பீங்க."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

டாக்டர் மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார்.

"இது செல்லமுத்து சளின்னு யாரு சொன்னா?"

"அவரேதான் குடுத்தாரு சார்."

"இருக்காது. சளியோட வாய்ச் செல்லும் வந்திருக்கு. அதோட நியூக்ளியஸ் ஓரமா கறுப்புப் பொட்டு. அது பொம்பளைங்களுக்குத்தான் இருக்கும். இது ஒரு பொம்பளையோட சளி."

அவளுக்குத் தொண்டை கமறியது.

இருமினாள்.

மறுவாரம் அவளுடைய சளியை எடுத்தார்கள். பேரைப் பென்சிலால்தான் எழுதினார்கள். டாக்டர் அதையும் செல்லமுத்து பேர் போட்ட ஸ்லைடையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

இரண்டும் ஒரே ஆளுடையது.

அன்று அவர் அவளைத் திட்டவில்லை.