நான் கேட்டு வாங்கிய சிமெண்ட் தெரு

எங்கள் தெருவுக்குச் சிமெண்ட் ரோடு வந்தது என் வாயால்தான். மண் தெருவில் பாவு இழுத்தால் பட்டில் புழுதி ஒட்டும். வீடு வீடாகப் போய் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கி, கவுன்சிலர் வாசலில் ஒற்றைக் காலில் நின்றேன். ரோட்டுக்கு இடைஞ்சல், தெருவில் நிற்கும் நான்கு புங்கமரங்களையும் எடுக்கவேண்டும் என்றார்கள். "வெட்டிக்கோங்க" என்று முதலில் சொன்னவள் நான். என் வீட்டுக்காரர் மட்டும், "மரம் பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது" என்றார். அவர் பேச்சை யார் கேட்டது?

பாவு என்பது சேலையின் நீளவாக்கு இழைகள். விடியுமுன்னே அதைத் தெருவில் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். கஞ்சி மெதுவாக உலர வேண்டும். அவசரமாக உலர்ந்தால் பட்டு மொறமொறத்துப்போய்த் தறியில் அறும்.

ரோடு போட்ட இரண்டாம் கோடையில் இழை அறத் தொடங்கியது. முடிச்சு போட்டே என் விரல் தேய்ந்தது. பட்டு கொடுக்கும் முதலாளி சேலையை விரித்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு பாவு இப்டி ஆச்சுன்னா உங்களுக்குப் பட்டு குடுக்க மாட்டேம்மா" என்று நேராகவே சொல்லிவிட்டார்.

எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. வந்த கோபமெல்லாம் வீட்டுக்காரர் மேல் போனது. கஞ்சி காய்ச்சுவது அவர் வேலை. "கஞ்சி காய்ச்சக்கூட துப்பில்ல" என்று அக்கம்பக்கம் கேட்கத் திட்டினேன். மனிதர் மறுநாள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் காய்ச்சினார்.

அந்த மாதம் ஊருக்கு வெளியே ஓரிக்கையில் அக்கா வீட்டில் ஒரு விசேஷம். ராத்திரி அங்கேயே தங்கி, விடியலில் வெறுங்காலோடு வாசலுக்கு வந்தேன். மண் ஜில்லென்று இருந்தது. பாலாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. முதல் பஸ் பிடித்து எங்கள் தெருவுக்கு வந்து, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். சூரியன் இன்னும் வரவில்லை. ரோடு வெதுவெதுப்பாக இருந்தது. நேற்றுக் குடித்த வெயிலை அது இன்னும் கக்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மாடி வீடுகள், ஏசி பெட்டிகள். காற்று நுழைய வழியில்லை.

அடுத்த பாவை ஆட்டோவில் ஏற்றி ஓரிக்கைக்குக் கொண்டுபோய் அக்கா வீட்டுத் தெருவில் இழுத்தோம். அதே பட்டு, அதே கஞ்சி. தறியில் ஏற்றியபோது இரண்டே இழைதான் அறுந்தது. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்துக்கு அளவில்லை.

"கஞ்சி மேல தப்பில்லிங்க. ரோட்டு மேலதான். அத்த கொண்டாந்தவ நானு" என்றேன்.

"அதுக்கு இன்னா இப்போ? தெனமும் பாவத் தூக்கிக்கினு ஓரிக்கைக்கு ஓட முடியுமா?"

சும்மா விடுவேனா? அதே நோட்டை எடுத்துக்கொண்டு, ரோட்டோரம் குழி வெட்டி மரம் வைக்க அதே வீடுகளில் கையெழுத்து கேட்டேன். பாதிப் பேர் சிரித்தார்கள். பாதிப் பேர் போட்டார்கள். அனுமதி வாங்கவே ஆறேழு தடவை அலைந்தேன். கடப்பாறையை நானே பிடித்தேன்.

எதிர்வீட்டுக்காரர் காரை நிறுத்த இடமில்லை என்று வந்துவிட்டார். "நீதானம்மா ரோடு கேட்ட, இப்போ நீயே ஒடைக்கிற?"

"நான்தான் கேட்டேன். அதான் நானே ஒடைக்கிறேன்."

நான்கு புங்கங்கன்று நட்டேன். ஒன்றை மாடு தின்றது, மறுபடி நட்டேன். இன்னொன்றைக் கார் சாய்த்தது, அதையும் மறுபடி நட்டேன். பாவு மட்டும் கோடைக்குக் கோடை ஆட்டோவில் ஓரிக்கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்தக் கோடையில் ஒரு நாள் விடியற்காலை, வீட்டுக்காரர் பாவைத் தோளில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு ஆட்டோவுக்குப் போனவர், எங்கள் மரத்தடியில் நின்றுவிட்டார்.

"இங்க வந்து கால வை" என்றார்.

வைத்தேன். முந்தின நாள் நிழல் விழுந்த இடத்தில், ஒரு பாய் அகலத்துக்கு, சிமெண்ட் குளிர்ந்திருந்தது. ஒரு எட்டு தள்ளி வைத்தால் பழைய சூடு.

"இவ்ளோ பெரிய பாவுக்கு இந்த எடம் எப்டி பத்தும்?" என்றார்.

"பத்தாது" என்று சொல்லிவிட்டு, கடப்பாறையை எடுக்க உள்ளே போனேன்.