டச்சப் அக்காவின் மூக்கு

போட்டோ ஸ்டுடியோவில் அவளுக்கு டச்சப் அக்கா என்று பெயர். முகப்பருவை அழிப்பது, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தை வெளுப்பது, வேலைக்கு மனுப்போடுகிறவர்களின் கசங்கிய காலரை நிமிர்த்துவது எல்லாம் அவள் பாடு. உள்ளறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே ஊரில் பாதிப் பேரை மூக்கும் முழியுமாக ஆக்கியவள். அவளுடைய சொந்த மூக்கு மட்டும் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் பந்து பட்ட அடி. "வளர வளர சரியாயிடும்" என்றார்கள் வீட்டில். அவள் வளர்ந்தாள், மூக்கும் கோணல் மாறாமல் கூடவே வளர்ந்தது. கணவர் லிப்ட் மெக்கானிக். "எனக்கு லிப்ட் நேரா போனா போதும், மூக்கு எப்படிப் போனா என்ன" என்று சொல்லிவிடுவார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போன நாளில் வந்தது வினை. தன் படத்தைத் தானே எடுத்து, கை சும்மா இருக்காமல் மூக்கை நிமிர்த்திக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். கவுன்ட்டரில் இருந்தவர் படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி போட்டோவக் கொண்டாந்துட்டீங்க போலிருக்கும்மா. உங்களுது இருந்தாக் குடுங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் பெரிய முயற்சி எதுவும் எடுக்கவில்லை. வேறொருத்தியாக இருந்தால் வேறு படம் எடுத்திருப்பாள். அவளுக்கு அந்தப் படம் பிடித்துப்போயிருந்தது. முகத்தைப் படத்துக்குத் தகுந்தமாதிரி மாற்றிக்கொள்வதென்று முடிவு செய்தாள்.

விஷயம் காதில் விழுந்ததும் நாத்தனாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அண்ணி, பெரிய ரோட்டுல ஒரு கிளினிக் தொறந்திருக்காங்க. உள்ள போனாலே பாதி அழகாயிடுவோம், அப்படி இருக்கு."

அப்படித்தான் இருந்தது. கண்ணாடிக் கதவு, நல்ல வாசனை, உட்கார்ந்தால் ஆளே அமுங்கும் சோபா. கோட் போட்ட ஒரு பெண் தடித்த ஆல்பம் ஒன்றைப் புரட்டிக் காட்டினாள். இடப்பக்கம் பழைய மூக்கு, வலப்பக்கம் புது மூக்கு. டச்சப் அக்கா சொக்கிப்போனாள். என்ன நேர்த்தி, நிழல்கூட எவ்வளவு பதவிசாக விழுகிறது என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். டாக்டர் வந்தார். அவர் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் ரயில் பெட்டி மாதிரி நீண்டிருந்தன. தக்காளி வாங்கப் போனால் ஒவ்வொன்றையும் புரட்டி, காம்பை முகர்ந்து, கடைக்காரரைக் கண்கலங்க வைக்கிறவள், தன் முகத்தில் கத்தி வைக்கப் போகிறவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வலிக்குமா டாக்டர்?"

"சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் அவர். அது பதிலில்லை என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் முதலாளியிடம் லீவு கேட்டாள். எதற்கென்று கேட்டவர், கிளினிக் பெயரைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த ஆல்பத்தப் பாத்தா முடிவு பண்ணின?"

"ஆமா சார். ரொம்ப நல்லா இருந்துச்சு."

"நல்லாத்தாம்மா இருக்கும். நீ பண்ணினதாச்சே. போன வருஷம் அங்கேருந்து ஒரு கட்டு படம் வந்துச்சே, மூக்க மட்டும் நேராக்கிக் குடுங்கன்னு. மறந்துட்டியா?"

கணினியில் தேடிப் பார்த்தாள். ஒரு படம் பாக்கியில்லாமல் இருந்தது. எல்லாம் அவள் கைவேலை. கோபம் வந்தது, கூடவே, மறைக்க முடியாத கொஞ்சம் பெருமையும் வந்தது.

கிளினிக்குக்கு போன் போட்டு, டாக்டர் அறுவை சிகிச்சை எங்கே படித்தார் என்று கேட்டாள். "வெளிநாட்டுல டிரெய்னிங் எடுத்தவர் மேடம்" என்றது குரல். எதில் என்று கேட்டதற்குக் கொஞ்சம் தயங்கி, "சருமப் பொலிவுல" என்றது.

கணவருக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. "ஒரு லிப்ட்டுல கைய வைக்கிறதுக்கே எங்கிட்ட லைசென்ஸ் கேக்குறாங்க. நீ மூக்க நீட்டிட்டு வந்திருக்க" என்றார். இரண்டு பேருமாக உட்கார்ந்து மருத்துவக் கவுன்சிலின் பதிவில் தேடினார்கள். ரயில் பெட்டி டாக்டர் காய்ச்சல், சளிக்கு மருந்து எழுதித் தரும் தகுதியோடுதான் அதில் இருந்தார். முகச் சீரமைப்பு அறுவையில் முறையாகப் பட்டம் பெற்று, பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து நேரம் வாங்கினார்கள்.

அங்கே சோபா இல்லை. கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலி. டாக்டருக்கு முகத்தில் முக்கால்வாசி மூக்காகவே இருந்தது. இந்தத் தடவை அவள் தக்காளி வாங்குகிறவளாகவே போயிருந்தாள். எங்கே படித்தீர்கள், மூக்கு அறுவை அடிக்கடி செய்வீர்களா, மயக்க மருந்து யார் கொடுப்பார்கள், ஏடாகூடமானால் யார் பார்ப்பார்கள் என்று வரிசையாகக் கேட்டாள். அவர் அலுத்துக்கொள்ளாமல் சொன்னார். படம் கேட்டதற்கு, சரியாக வராத இரண்டு மூக்குகளையும் சேர்த்தே காட்டினார். கடைசியில் அவளால் அடக்க முடியவில்லை.

"நீங்க ஏன் டாக்டர் உங்களுக்குப் பண்ணிக்கல?"

"மூச்சு நல்லா வருதும்மா. வீட்டுலயும் யாரும் புகார் சொல்லல" என்றவர், சின்ன விளக்கை எடுத்து அவள் மூக்குக்குள் பார்த்தார். "உங்களுக்கு இந்தப் பக்கம் மூச்சே சரியாப் போகலையே. தெரியுமா?"

"எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்."

"நடுத்தண்டு வளைஞ்சிருக்கு. அதச் சரி பண்ணலாம். வெளியிலயும் முன்னைக்கு நேராகும், ஆனா போட்டோவுல இருக்கற மாதிரி வராது. வீக்கம் முழுசா வத்த ஒரு வருஷம்கூட ஆகலாம். செல பேருக்கு மறுபடி தொட வேண்டி வரும். அவசரமில்ல, வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாங்க."

வெளியே வந்தவளுக்கு முகம் சுண்டிப்போயிருந்தது. "விக்கவே தெரியாத மனுஷன்" என்றாள்.

"அதனாலதான் நம்பலாம்னு தோணுது" என்றார் கணவர்.

யோசித்து, போய், செய்துகொண்டாள். கண்ணைச் சுற்றிக் கத்திரிப்பூ நிறத்தில் கன்றிப்போய், மூக்கில் கட்டோடு கிடந்த நாட்களில் அந்த டாக்டரை அவள் திட்டாத திட்டில்லை. கட்டுப் பிரித்து, வீக்கம் ஓரளவு வடிந்து வேலைக்குப் போனாள். "இளைச்சிட்டியாம்மா?" என்றார் முதலாளி. பக்கத்துக் கடைக்காரி, முடி வெட்டின விதம் எடுப்பாக இருக்கிறது என்றாள். மூக்கைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அவள்தான் விட்டாள், இரண்டு பக்கமும். உள்ளறையில் தனியாக இருக்கும்போது வேலையை நிறுத்திவிட்டு, இழுத்து இழுத்து விட்டுப் பார்ப்பாள். இத்தனை வருஷமாக அரைக் காற்றில் குடும்பம் நடத்தியிருக்கிறோமே என்று நினைத்தால் சிரிப்பு வந்தது.

மாற்றத்தைக் கண்டுபிடித்த ஒரே ஆள் நாத்தனார். டாக்டரின் நம்பரை வாங்கிக்கொண்டு அடுத்த வாரமே போனாள். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"என்ன டாக்டரப் பாத்து அனுப்பினீங்க அண்ணி. எங்கிட்ட, உங்க மூக்குக்கு ஒரு குறையும் இல்ல, போயிட்டு வாங்கங்கறாரு. தொழிலே தெரியல அவருக்கு."

அதற்கப்புறம் வெகுநாள் அவள் அண்ணியோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.