ஆசீர்வாதம் கூரையை அடைத்த கதை

ஆசீர்வாதம் முப்பத்தோரு வருஷம் எஸ்டேட் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். பீர்மேட்டுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும், யாருக்குப் பிரசவ வலி கண்டாலும், கோட்டயத்துக்கோ தேனிக்கோ கொண்டுபோவது அவர்தான். வண்டி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் வாசலைத் தாண்டும்போது பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "யாருக்கு?" என்று கேட்பார்கள். அவர் ஜன்னல் வழியாகப் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். அந்த வாசலில் ஒரு நாள்கூட அவர் நல்ல சேதி சொன்னதில்லை.

அவர் ஓய்வு பெற்ற வருஷமே எஸ்டேட் அந்த வண்டியையும் கழித்துக்கட்டியது. ஏலத்தில் அவரே எடுத்தார். ஆம்புலன்ஸ் என்ற எழுத்தைச் சுரண்டினார், ஸ்ட்ரெச்சரைக் கழற்றிக் கட்டில் போட்டார், ஓரமாக ஒரு காஸ் அடுப்பு வைத்தார். தை மாதம் உவரி அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு மனைவியைக் கூட்டிப்போய், கடற்கரையில் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்து நாலு நாள் இருக்க வேண்டும். நோயாளி இல்லாமல் ஒரே ஒரு தடவை அந்த வண்டியை மலையிறக்கிவிட வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

மனைவி ஞானஜோதி மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"வர்றேன். ஒழுகுற கூரைக்குக் கீழ மட்டும் என்னயப் படுக்கச் சொல்லாதீங்க."

அது சும்மா சொன்ன பேச்சில்லை. லயத்து வீட்டில் இருபத்தெட்டு மழைக்காலம் தலைமாட்டில் சொட்டு பிடிக்க அலுமினியச் சருவத்தை வைத்துக்கொண்டு படுத்தவள் அவள். சொட்டு இடம் மாறினால் சருவம் நகரும், சருவம் நகர்ந்தால் பிள்ளைகள் நகரும், கடைசியில் அவள் மூலையில் உட்கார்ந்தே விடிய வைப்பாள். பாம்பனாரில் மூன்று சென்டில் கான்கிரீட் வீடு கட்டிக் குடிபோன அன்று, கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இனி ஒரு சொட்டு மேலே விழுந்தாலும் அங்கே படுக்க மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். பஸ்ஸில் உவரிக்குப் போக அவளுக்கு ஒரு தடையும் இல்லை. பஸ்ஸில் போனால் ஆசீர்வாதத்தின் ஆசைதான் மண்ணாகிவிடும்.

ஐப்பசியில், துலா மழையில் வண்டி ஒழுகியது. பின்கதவோரம் பாய் நனைந்து கிடந்தது. ஆசீர்வாதம் கதவு ரப்பரை மூன்று தடவை மாற்றினார், பாய் நான்காவது தடவையும் நனைந்தது. கடைசியில் வொர்க்‌ஷாப் ஜிபியிடம் போய் நின்றார்.

"சேட்டா, தண்ணி சொட்டற இடத்துல ஓட்டை காணாது," என்றான் ஜிபி, மலையாளம் கலந்த தமிழில். "அது எங்கியோ கேறி, எங்கியோ வரும். நீங்க உள்ள இருந்து நோக்குங்க. நான் கீழேருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமா ஹோஸ் அடிக்காம்."

ஜன்னலுக்கு அடித்தான், ஒன்றுமில்லை. கூரை விளிம்புக்கு அடித்தான், அங்கேயும் ஒன்றுமில்லை. முன்னால் சுழல் விளக்கு நின்ற இடத்தில் அடித்ததும், உள்ளே டார்ச்சோடு மல்லாந்து கிடந்த ஆசீர்வாதம் கத்தினார். விளக்கின் நாலு போல்ட்டுக்கும் ரப்பர் வெடித்திருந்தது. அதில் இறங்கிய தண்ணீர் கூரைச் சட்டத்தோடு பின்பக்கம் வரை ஓடி அங்கே சொட்டியிருக்கிறது. விளக்கைக் கழற்றி, துளைகளுக்குத் தகடு வைத்து அடைத்தார்கள். அடுத்த மழைக்குப் பாய் காய்ந்து கிடந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. ஆனால் ஆசீர்வாதம் லயத்தில் வளர்ந்தவர். அங்கே ஒரு துவாரத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. பனிக்காற்று வருமென்று சாக்குத் துணியைத் திணிப்பார்கள், கோதுமைப் பசையில் பேப்பர் ஒட்டுவார்கள், சாவித் துவாரத்தைக்கூட விட மாட்டார்கள். அதே கையோடு வண்டியின் சுவரிலும் கூரையிலும் தெர்மோகோல் ஒட்டி, பளபளக்கும் ஃபாயில் ஷீட் போர்த்தி, மேலே பிளைவுட் அடித்தார். ஜன்னல் இடுக்கெல்லாம் பஞ்சு நாடா. நோயாளிக்குக் காற்று வேண்டுமென்று கூரையில் துளை போட்டு ஒரு காற்றாடி வைத்திருந்தார்கள். அதற்கும் மேலே தகடு போட்டுத் தார் பூசினார்.

"இப்ப ஒரு எறும்பு உள்ள வரட்டும் பாப்போம்," என்றார்.

தை பிறந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை, குளிர் மட்டும் எலும்பைக் கடித்தது. திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஞானஜோதி ஒரு ராத்திரி வண்டியில் படுத்துப் பார்க்கும் பரீட்சைக்கு வந்தாள், கையில் அந்தப் பழைய சருவத்தோடு. ஆசீர்வாதம் வண்டிக்குள்ளேயே பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். வெதுவெதுவென்று இருந்தது. அவள் குறட்டை விட்டுத் தூங்கியதைக் கேட்டு அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

விடியற்காலையில் அவள் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

அவள் எழுந்து, அந்த இடத்தில் சருவத்தை வைத்துவிட்டு, வீட்டுக்குள் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று முழுக்கக் கூரைமேல் தார் டின்னோடு கிடந்தார். எங்கே தடவுவது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் தடவினார். ராத்திரி அவர் மட்டும் உள்ளே சாயா போட்டுக் குடித்துவிட்டுப் படுத்தார். மறுநாள் காலையிலும் சருவத்தில் விரல் நனையும் அளவு தண்ணீர். சாயா கொண்டுவந்த ஞானஜோதி கூரையைத் தடவிப் பார்த்தாள், ஜன்னல் கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள்.

"ராத்திரி மழ பெஞ்சுதா?"

"இல்ல."

"அப்ப இந்தத் தண்ணி எங்கருந்து வந்துச்சு?"

"துலா மழையில தெர்மோகோல் குடிச்சு வச்சதா இருக்கும்."

"ஏங்க, தெர்மோகோல் தண்ணி குடிக்குமா?" என்று சிரித்துவிட்டாள். "ஃபேக்டரில இருவது வருசம் கொழுந்து வாட்டுன என்னட்ட வந்து சொல்றீங்களே. வாட்டுற தட்டுல காத்தாடி நின்னா கொழுந்து வேர்த்துக் கொட்டும். இது மழத்தண்ணி இல்ல. நம்ம மூச்சு, நீங்க போட்ட சாயா ஆவி. வெளிய போக வழியில்லாம மேல போய் குளுந்து சொட்டுது. அந்தக் காத்தாடியத் தொறங்க."

ஆசீர்வாதத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதம் அடைத்ததையெல்லாம் திறப்பதா?

"நானே கூரையப் பொத்து விடணுமா?"

"பேஷண்டுக்குக் காத்து வேணும்னு வச்சதுதான அது. பேஷண்டு இல்லன்னா நாம மூச்சு விட மாட்டோமா?"

ஆசீர்வாதம் உளியும் சுத்தியலுமாக மேலே ஏறினார். பூசிய தாரைத் தட்டிப் பெயர்த்து, தகட்டைக் கழற்றினார். மழை இறங்காதபடி காற்றாடிக்கு ஜிபி ஒரு மூடி செய்து கொடுத்தான். ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்துவைத்து, இருவரும் உள்ளே படுத்தார்கள்.

அடுத்த நாள் விடிந்ததும் ஞானஜோதி சருவத்துக்குள் விரலை விட்டாள். காய்ந்திருந்தது. கூரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உள்ளங்கையால் தடவினாள். பிறகு வீட்டுக்குள் போனாள். ஆசீர்வாதம் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார். குளிருக்கு அவள் எடுத்துப் போர்த்தியிருந்த அவர் போர்வையும் அவளோடு போய்விட்டிருந்தது.

அரை மணி கழித்து அரிசி டப்பாவோடு வந்தாள்.

"இந்தச் சருவத்த இறக்கி வச்சிரட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இருக்கட்டும். உவரியில மீன் கழுவ வேணாமா?"

கிளம்பிய அன்று வண்டி லயத்து வழியாகத்தான் போனது. எழுத்தைச் சுரண்டியும் விளக்கைக் கழற்றியும் என்ன, ஊர்க்கண்ணுக்கு அது ஆம்புலன்ஸ்தான். கொழுந்தெடுத்துவிட்டு வந்துகொண்டிருந்த சந்தனமேரி வண்டியைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்தாள். முகம் வெளிறியது.

"யாருக்கு?"

பழக்கத்தில் ஆசீர்வாதம் வாயைத் திறந்தார். சொல்ல ஒரு பெயரும் இல்லை. பக்கத்து ஸீட்டிலிருந்து ஞானஜோதி தலையை நீட்டினாள்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல மேரிக்கா. நாங்க சும்மா கடல் பாக்கப் போறோம்."