வலது தோளுக்கு ஒரு காடைத் துப்பாக்கி

1. கவுண்டருக்குப் பின்னால்

எண்ணெய் விலை சரிந்தபோது ஹூஸ்டனில் வேலை போனவர்களில் நானும் ஒருத்தி. துளையிடும் கருவிகளின் வரைபடங்களைச் சரிபார்க்கும் மெக்கானிக்கல் எஞ்சினியர் வேலை. மூன்று மாதம் விண்ணப்பம் அனுப்பி அலுத்திருந்த நேரத்தில், ஃப்ரீவே ஓரத்து வேட்டைச் சாமான் கடை ஒன்றில் ஆள் தேவை என்று பலகை பார்த்து உள்ளே போனேன். கடைக்காரர் ரே என் டிகிரியைக் கேட்கவில்லை. ஒரு காலிப்பர் அளவியையும், தோளில் பதியும் துப்பாக்கிக் கட்டை ஒன்றையும் நீட்டி அளக்கச் சொன்னார். அளந்தேன். மறுநாள் எட்டு மணிக்கு வரச் சொன்னார்.

முதல் நாள் பாடம் ஒன்றே ஒன்றுதான். எந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் திறந்து, தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த ஆள் கையில் கொடுத்தால் அவரும் அதையே செய்ய வேண்டும்.

இரண்டாவது வாரம் நானே ஓர் அட்டையில் கேள்விப் பட்டியல் எழுதிக்கொண்டேன்:

அ. எந்தக் கையால் எழுதுவீர்கள்?
ஆ. என்ன பறவை? காடை பக்கத்திலிருந்து எழும்பும், புறா உயரத்தில் போகும். குழாயின் வாயமைப்பு அதற்கேற்ப மாறும்.
இ. ஒரு நாளில் எவ்வளவு நடப்பீர்கள்? சுடுவது சில நொடி, சுமப்பது நாள் முழுக்க.
ஈ. கை நீளம், கழுத்து நீளம், குளிருக்குப் போடும் கோட்டின் தடிமன்.
உ. பழைய துப்பாக்கி எங்கே வலித்தது?

தமிழ்ச் சங்கத்தில் யாராவது, "எத்தனை பறவை சுட்டே?" என்று கேட்பார்கள். ஒன்றுகூட இல்லை. நான் அளவெடுப்பவள், கல்யாணக் கோட்டு தைப்பவரை எத்தனை கல்யாணம் செய்துகொண்டாய் என்று யாரும் கேட்பதில்லை.

2. டாக்டரும் ஜெஸி ஆன்ட்டியும்

காடை சீசனுக்குச் சில வாரங்கள் முன்பு டாக்டர் தங்கராஜும் அவர் மனைவி ஜெஸி ஆன்ட்டியும் வந்தார்கள். பாளையங்கோட்டைக்காரர்கள். எங்கள் தமிழ் ஆராதனைக்கு வருபவர்கள். அவர் குழந்தை டாக்டர். வருடா வருடம் நண்பர்களோடு காடை வேட்டைக்குப் போவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த வசந்த காலத்தில் அவருக்கு பேஸ்மேக்கர் வைத்ததும் தெரியும்.

ஆன்ட்டிதான் பேசினார். "ஸ்டெல்லா, இவருக்கு ஒரு துப்பாக்கி வேணும். உள்ளதுலயே லேசானதா எடு பிள்ள. ஹார்ட் பேஷன்ட்."

"லேசா இருந்தா சுடும்போது தோளை ஜாஸ்தி உதைக்கும் ஆன்ட்டி. கனம் இருந்தாத்தான் உதையை அது வாங்கிக்கும்."

"அதெப்படி? லேசானது லேசாத்தான உதைக்கும்?"

"கல்யாணத்தப்போ நீயும் லேசாத்தான் இருந்த," என்றார் டாக்டர். "உதை வாங்குனவன் நான். பிள்ள சொல்லுததைக் கேளு."

பட்டியலைத் தொடங்கினேன். எந்தக் கையால் எழுதுவீர்கள்? "ரைட்டு," என்றார்கள் இருவரும் சேர்ந்து. மற்ற கேள்விகளையும் முடித்து, வலக்கைக்காரருக்குப் பொருந்தும், ட்வென்டி கேஜ் என்ற சிறு குழாய்த் துப்பாக்கி ஒன்றை எடுத்து, திறந்து காட்டிக் கொடுத்தேன். அவரும் திறந்து பார்த்தார். சுவரின் மேல் மூலையைக் குறி பார்த்துத் தூக்கினார். கட்டை நேராக இடது தோளுக்குப் போனது.

"ஏங்க! அந்தப் பக்கம் கூடாதுன்னுதான சொன்னாவ!" ஆன்ட்டி அவர் முழங்கையைப் பிடித்தார்.

டாக்டர் துப்பாக்கியை மெதுவாகக் கவுண்டரில் வைத்தார். சட்டைக்கு மேலே, இடது காறையெலும்புக்குக் கீழே, தடவிப் பார்த்துக்கொண்டார். பேஸ்மேக்கர் அங்கேதான் இருந்தது.

"ரைட்டுன்னு சொன்னீங்களே அங்கிள்?"

"எழுதுததுதான கேட்ட? நான் பொறந்தது இடதுகை. வாத்தியார் பிரம்பால அடிச்சு எழுதுத கையை மாத்துனாரு. சாப்புடுத கையை எங்கப்பா மாத்துனாரு. இங்க வந்து, முப்பத்தெட்டு வயசுல, முதமுதலா துப்பாக்கியத் தொட்டேன். எந்தத் தோளுன்னு சொல்லுததுக்கு யாரும் இல்ல. அதுவா இடது பக்கம் போச்சு." சிரித்தார். "அந்த ஒண்ணை மட்டும் யாரும் மாத்தல."

ஆன்ட்டி சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரியில இவரு மயங்கிக் கெடக்காரு. எந்தக் கை பழக்கம்னு நர்ஸ் கேக்கா. நான் ரைட்டுன்னு சொல்லிட்டேன். இருவத்தாறு வருசமா அந்தக் கையிலதான சோறு திங்காரு! பழகாத கைப் பக்கம்தான் வைப்பாவளாம், அதனால மிஷினை இடது பக்கம் வச்சுட்டாவ. இவரு சுடுததை நான் என்னைக்குப் பாத்தேன்? ஒரு நாளாவது கூடப் போயிருக்கனா?"

"நீ சொல்லலேன்னா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன் ஜெஸி. யாரு கேட்டாலும் ரைட்டுன்னுதான் வாயில வருது."

"சனிக்கிழமையானா பூட்ஸைத் தொடச்சு வைக்காரு, ஸ்டெல்லா. போட மாட்டாரு. கூட்டாளிங்க போன் பண்ணுனா வேலை இருக்குன்னுட்டு டிவி முன்னால உக்காந்துக்கிடுதாரு."

"அம்பத்தஞ்சு வயசுல இன்னொரு தடவை கையை மாத்த முடியாதும்மா," என்றார் அவர், என்னைப் பார்த்து. "இவ மனசுக்காக வந்தேன். நீ ஒண்ணும் எடுக்க வேண்டாம்."

வலது தோள் பழகிவரும் என்று நான் உறுதி சொல்லவில்லை. வராது என்றும் சொல்லவில்லை. இதய டாக்டரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வரச் சொன்னேன். அன்று கடை மூடுமுன் என் அட்டையில் முதல் கேள்வியை அடித்துவிட்டு, 'துப்பாக்கியைக் கொடு, பேசாமல் பார்' என்று எழுதினேன்.

3. மூன்றில் ஒன்று

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. வலது தோளில் மட்டும், உதை குறைவான துப்பாக்கி மட்டும் என்று எழுதியிருந்தது. மூன்று துப்பாக்கிகளை எடுத்து வைத்தேன்.

முதலாவது, அவர் பழக்கப்பட்ட மாதிரியே மேலும் கீழுமாக இரண்டு அகலக் குழாய் வைத்த ட்வெல்வ் கேஜ். உதை அதிகம், தள்ளினேன். இரண்டாவது, ஆன்ட்டிக்குப் பிடித்த இறகு மாதிரியான ட்வென்டி கேஜ். சுமக்கச் சுகம், தோளுக்குத் தண்டனை. மூன்றாவது, கேஸ் ஆட்டோமேட்டிக் ட்வென்டி கேஜ். சற்று கனம். ஆனால் வெடிக்கும் வாயுவில் ஒரு பங்கு அடுத்த தோட்டாவை ஏற்றுவதில் செலவாகும். உதை ஒரே குத்தாக வராமல் தள்ளலாக வரும். காலித் தோட்டா வலது பக்கம் தெறிக்கும். இடது தோளில் வைப்பவருக்கு அது முகத்துக்குக் குறுக்கே பறக்கும். வலது தோளுக்குத் தொல்லையே இல்லை.

"கடையில உள்ள எல்லாமே இப்ப என் பக்கம்தான் போல," என்றார் டாக்டர். மூன்றாவதையே எடுத்தோம். கட்டையைக் கொஞ்சம் குறைத்து, தடித்த ரப்பர் பட்டை ஒட்டினேன்.

பறக்கவிட்ட களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகும் மைதானத்தில் முதல் நாள் அவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. தட்டு ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம். ஒரு காகிதத்தில் ஓட்டை போட்டு, கை நீட்டிப் பிடித்து அதன் வழியாக என் மூக்கைப் பார்க்கச் சொன்னேன். ஓட்டைக்குப் பின்னால் தெரிந்தது அவர் இடது கண். தோள் மாறிவிட்டது, குறி பார்க்கும் கண் மாறவில்லை.

"கண்ணை யாரும் அடிச்சு மாத்தலேல்லா," என்றார்.

அந்தக் கண் குறுக்கிடாதபடி, அவர் மூக்குக் கண்ணாடியின் இடது வில்லையில் சின்னதாக மங்கல் டேப் ஒட்டினேன். அடுத்த ஞாயிறு சில தட்டுகள் உடைந்தன. முதல் நாள் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்த ஆன்ட்டி, இப்போது என் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வெடிக்கும் அவர் மார்பையே பார்த்தார். வீட்டில் தினமும் காலையும் மாலையும் காலித் துப்பாக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் பழகச் சொல்லியிருந்தேன். "இட்லி வேகுத நேரம் பூரா தூக்குதாரு. எண்ணுதது நான்," என்றார்.

4. முதல் கூட்டம்

ஒருவருக்குப் பொருத்திக் கொடுத்த துப்பாக்கி முதல் தடவை வயலுக்குப் போகும்போது, பொருத்தியவரும் கூடப் போக வேண்டும் என்பது எங்கள் கடை வழக்கம். சீசன் தொடங்கிய சனிக்கிழமை காலை, அவருடைய நண்பர் ஒருவரின் ரான்ச் பண்ணைக்குப் போனேன். ஆரஞ்சு நிற வெஸ்ட் போட்டுக்கொண்டு ஆன்ட்டியும் வந்திருந்தார்.

மெஸ்கீட் முட்புதர்களுக்கு நடுவே, பறவை வாசனை பிடித்த வேட்டை நாய் சட்டென்று நின்று, வாலை விறைத்துக்கொண்டது. டாக்டர் இரண்டு அடி வைத்தார். காலடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு காடைகள் ஒரே இரைச்சலாக எழும்பின. துப்பாக்கி எழுந்தது. வெடிச் சத்தம் வரவில்லை. காடைகள் தாழப் பறந்து அடுத்த புதர் வரிசைக்குள் மறைந்தன.

"ஏங்க, சுடலயா? எல்லாம் போயிட்டே!" என்றார் ஆன்ட்டி. அவர் குரலில் பயம் இருந்தது. நானும் பாதுகாப்புப் பொத்தான் சிக்கிக்கொண்டதோ, நெஞ்சில் ஏதோ செய்கிறதோ என்று ஓடினேன்.

டாக்டர் அப்படியே நின்றார். கட்டை வலது தோளின் குழியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கன்னம் மரத்தில் படிந்திருந்தது.

"ஜெஸி," என்றார் மெதுவாக. "யாரும் சொல்லல. நான் நெனைக்கவும் இல்ல. அதுவா இந்தப் பக்கம் வந்துட்டு. அதைத்தான் பாத்துட்டு நின்னேன்."

துப்பாக்கியை அவர் இறக்கித் திறந்த பிறகு, ஆன்ட்டி பக்கத்தில் போய் அவர் வெஸ்ட்டின் வலது தோளில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். புல் போன பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குள் இரண்டு காடை விழுந்தன. அவற்றை நான் வேலைக் குறிப்பில் எழுதவில்லை. சுடாமல் விட்ட முதல் கூட்டத்தைத்தான் எழுதினேன். டிகிரி படித்துவிட்டு என்னைப் போல ஏதோ ஒரு கவுண்டருக்குப் பின்னால் வந்து நிற்பவர்களுக்கு அதையே சொல்வேன்: கேஜ், எடை, நீளம் எல்லாவற்றையும் சரியாக அளந்து கொடுங்கள். ஆனால் ரசீது எழுதியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வாங்கியவர் யோசிக்காமல் அதைத் தூக்குகிற நாள் ஒன்று வரும். முடிந்தால் அன்று பக்கத்தில் இருங்கள்.