கடுகளவு அபின்

முப்பதாம் வருஷ வாக்கில், ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம். மலாயாவில் கிள்ளானுக்கு வடக்கே, மேரு பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நான் பால்வெட்டிக்கொண்டிருந்தேன். என் மகனுக்கு அப்போது ஐந்து மாதம்.

விடிவதற்குள் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெயர் கூப்பிடும் இடத்தில் போய் நிற்க வேண்டும். அவனோ நான் நகர்ந்தாலே வீறிட்டு அழுவான். அவனை அமர்த்தப் போய் இரண்டு நாள் பிந்திவிட்டேன்.

"உன் மவன் கத்துற கத்துல மரத்துல பாலே கட்டிப்போயிரும் போல. அடுத்த கப்பல்ல ஏத்தி விடட்டுமா?" என்றார் கங்காணி. எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றுமில்லாததற்கே பயப்படுகிறவள் நான். ஊருக்குத் திரும்பினால் ஒதுங்க ஒரு கூரைகூடக் கிடையாது.

பக்கத்து வீட்டு அக்கா வழி சொன்னார். அவர் புருஷன் மேல்வலிக்கு அபின் போடுகிறவர். "கடுகளவு எடுத்துத் தாய்ப்பால்ல கரைச்சு நாக்குல தடவு. நாங்கல்லாம் அப்படித்தானே வளத்தோம்!"

தினமும் விடியுமுன் தடவினேன். நாலு நாள் சத்தமில்லாமல் தூங்கினான். ஐந்தாம் நாள் பத்து மணிக்குப் பால் கொடுக்கப் போனேன். தொட்டிலிலிருந்து தூக்கினால் கழுத்து துவண்டது. மார்பில் வைத்தும் வாய் திறக்கவில்லை. உதடு நாவல்பழ நிறமாக இருந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வருமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஆயாவும் பின்னால் ஓடி வந்தாள். மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு இவள் ஏன் வருகிறாள் என்று அப்போது தோன்றவில்லை.

அங்கே வைத்தியம் பார்க்கும் டிரசர் இமையை விலக்கிப் பார்த்தார்.

"என்ன குடுத்த?"

சொன்னால் எங்களைத் துரத்திவிடுவார்களே! "ஒண்ணுமில்லீங்க" என்று வாய் சொல்லிவிட்டது.

"கண்மணி ஊசிமுனையா நிக்குது, ஒண்ணுமில்லங்கிற. புள்ள வேணுமா, பொய் வேணுமா?"

"அபின்... கடுகளவுதான் ஐயா."

அவர் நம்பவில்லை. "கடுகுக்கு இவ்வளவு மயக்கம் வராதே."

பின்னால் நின்ற ஆயா பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். "நானும் குடுத்தேன் ஐயா. இன்னிக்கு முழிச்சுக்கிட்டு அழுதான். இருபது புள்ளைய நான் ஒருத்தி எப்படி அமர்த்துவேன்? இவ குடுத்தது எனக்குத் தெரியாது."

"தூங்க விட்டா மூச்சு நின்னுரும்" என்றார் டிரசர். கடுங்காப்பியைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டார். நான் உள்ளங்காலைச் சுண்டினேன். கை ஓய்ந்தபோது ஆயா சுண்டினாள். அவள் மேல் கோபப்படக்கூட எனக்கு நேரமில்லை. கோபப்பட யோக்கியதையும் இல்லை. மூச்சு நின்று நின்று வந்தது.

வெயில் சாயும்போது முகத்தைச் சுளித்தான். பிறகு அழுதான் பாருங்கள், லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டிருக்கும்! ஆயா அழுகையை அமர்த்த அவசரமாக அவன் வாயருகே கையைக் கொண்டுபோனாள், பழக்கதோஷம். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்றைக்கும் எங்காவது ஒரு பிள்ளை அழுதால் மற்றவர்கள் அமர்த்த ஓடுவார்கள். நான் மட்டும் ஒரு கணம் நின்று, மூச்சு வாங்கி மறுபடி அழுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.