கானுக்குக் குறுக்கே ஒரு பலகை

வாசலில் பட்டுப்போன கொய்யா மரத்தின் அடியை நேற்று மகன் தோண்டினான். சிவந்து பூசணம் பிடித்த வேரிலிருந்து கிளம்பிய ஈரவாடையில், பொகவந்தலாவைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயமும் அதற்கு மேலிருந்த தேயிலை மலையும் அப்படியே முன்னால் வந்து நின்றன.

பிறந்த சில நாளில் இறந்துபோன என் தம்பியை அந்த மலையில்தான் புதைத்து, மேலே அப்பா ஒரு நிழல்மரம் நட்டிருந்தார். வளர்ந்த மரம் ஒரு மழைக்காலத்தில் பட்டுப்போக, அதையடுத்த தேயிலைச் செடி காய்ந்தது, பிறகு அதற்கடுத்தது என்று எங்கள் லயத்தைப் பார்த்தே காய்ந்துகொண்டு வந்தது. அம்மாவுக்குப் பயமே இல்லை. “தம்பி வீட்டுக்கு வர்றான்டி” என்பாள். பொழுதுபட்டதும் கடைசியாகக் காய்ந்த செடியடியில் விளக்கு வைப்பாள்.

நோயை மறிக்க, காய்ந்த செடிகளுக்குக் கீழே குறுக்காக நீளப் பள்ளமாய் ஆழமான கான் வெட்டுவதற்குக் கங்காணி ஆள்களோடு வந்தார்.

“வேர்ல பூசணம்மா. வெட்டலேனா மிச்சத் தேயிலையும் போயிரும்.”

“பெத்தவகிட்ட வர்ற புள்ளைய மறிக்காதீங்கண்ணே.”

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், ஆனாலும் வெட்டினார்கள். அன்று சாயங்காலம் அம்மா, முருகன் படம் வைத்திருந்த பலகையை எடுத்துப்போய்க் கானுக்குக் குறுக்கே போட்டாள். சாமி கோவிக்காதா என்று கேட்டேன்.

“அவரும் புள்ளதானே. வழி விடுவாரு.”

செடிகள் காய்வது அந்தக் கானோடு நின்றது. பலகையை ஒவ்வொரு விடியலிலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அம்மா கொழுந்தெடுக்கப் போவாள்.

இப்போது அம்மா இல்லை, லயமும் இல்லை, மலை காடாகிக் கிடக்கிறது. கொய்யாவைச் சுற்றி மகன் பள்ளம் வெட்டி முடித்ததும், அவன் பார்க்காத நேரத்தில் ஒரு பலகையைக் குறுக்கே போட்டுவிட்டு வந்தேன்.